ஜெசுக் ஏன் போனாள்

ஒக்ஜு கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் படிக்க வந்தவர்கள் எல்லோரும் கியர் மாற்றக் கற்றுக்கொண்டார்களோ இல்லையோ, ஜெசுக்கின் கதையை மட்டும் கரைத்துக் குடித்திருந்தார்கள். கொரியாவின் பூசான் நகரத்து மேடு பள்ளங்களில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி வியர்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து இருக்கையில் இருப்பவள் சொல்வதைக் கேட்காமல் எங்கே போவது? ஒன்பது வருடம் ஒரே கடையில் தோளோடு தோள் நின்ற சிநேகிதி, ஒரு வசந்தகாலத்துக் காலையில் வேலைக்கு வரவே இல்லை. "இனி நான் வரமாட்டேன், கடையை நீயே வெச்சுக்கோ" என்று போனில் ஒரு வரி. அதோடு சரி. காரணம் இல்லை, சண்டை இல்லை, ஒரு பேச்சு இல்லை. தனியாக நடத்த முடியாமல் கடையை மூடிவிட்டு ஒக்ஜு இந்த வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. சொல்லிச் சொல்லி ஒக்ஜுவுக்கு அலுக்கவில்லை. கேட்டவர்களுக்குத்தான் அலுத்தது.

கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், பேசாம இத ஒரு சினிமாவா எடுத்துருங்க. புடிக்கலேன்னா பாதியில எந்திரிச்சாவது போகலாம்."

அவள் கிண்டலுக்குத்தான் சொன்னாள். ஒக்ஜுவுக்கோ அது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யோங்தோ தீவின் பண்பாட்டு மையத்தில் சனிக்கிழமைதோறும் திரைக்கதை எழுதப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த வாரமே பேர் கொடுத்துவிட்டாள். வகுப்பு முடியும்போது ஒரு கதையைத் தேர்ந்தெடுத்து, சினிமா படிக்கும் மாணவர்கள் குறும்படமாக எடுப்பார்களாம். அது என்னுடையதுதான் என்று ஒக்ஜு அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

வகுப்பில் பத்துப் பேருக்கு மேல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கப்பல் பட்டறையின் பாரந்தூக்கிகள் தெரியும். சொல்லிக்கொடுக்க வந்தவள் சோரா என்ற சியோல்காரி. ஒக்ஜுவைவிடப் பத்து வயதாவது சின்னவள். எலும்பு நடுங்கும் ஜனவரியிலும் ஐஸ் போட்ட காப்பியைத்தான் உறிஞ்சுவாள். இரண்டு படங்களுக்கு எழுதியிருந்தாள். அதில் ஒன்று தியேட்டருக்கே வரவில்லை என்பதை முதல் நாளே அவளாகச் சொல்லிவிட்டாள்.

ஒக்ஜு வெறுங்கையோடு போகவில்லை. வீட்டிலேயே ஆசை ஆசையாய்ச் சில பக்கங்களைத் தட்டச்சு செய்து எடுத்துப்போயிருந்தாள். சோரா முதல் வரியை வாய்விட்டுப் படித்தாள். 'ஒன்பது வருட நட்பு ஒரே காலையில் மண்ணாய்ப் போனதை எண்ணி அவள் உள்ளம் குமுறுகிறது.' படித்துவிட்டு ஒரு வாய் காப்பி குடித்தாள்.

"அக்கா, உள்ளம் குமுறுறத எந்தப் பக்கம் கேமரா வெச்சு எடுக்கிறது?"

வகுப்பே சிரித்தது. ஒக்ஜுவும் சேர்ந்து சிரித்தாள். ஆனாலும் காது மடல் சுட்டது. சோரா கேலி செய்வதற்காகக் கேட்கவில்லை. எல்லோருக்கும் பொதுவாக விளக்கினாள். கதை எழுதுகிறவன் மனத்துக்குள் நுழையலாம். திரைக்கதை எழுதுகிறவன் வாசலிலேயே நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவது, காதில் விழுவது, இந்த இரண்டைத் தவிரக் காகிதத்தில் எதுவும் இருக்கக் கூடாது. குமுறுகிறவள் என்ன செய்வாள்? பாத்திரத்தைப் போட்டு உடைப்பாளா, கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவுவாளா? அதை எழுதுங்கள் என்றாள்.

அடுத்த வாரம் ஒக்ஜு நிறையப் பாத்திரங்களைக் கழுவவிட்டாள்.

கதை இதுதான். பூஜோன் சந்தைக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் பன்றி எலும்புச் சூப்புக் கடை நடத்துகிறார்கள். ஒருத்தி சமையலறையில், ஒருத்தி வெளியே மேசைகளைப் பார்த்துக்கொள்கிறவள். வெளியே இருப்பவள் நல்லவள், உழைப்பாளி, வெள்ளந்தி. உள்ளே இருப்பவள் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு, 'உன் நட்பு எனக்கு ஒரு சங்கிலி' என்று சொல்லிவிட்டு உதட்டோரம் சிரித்தபடி போய்விடுகிறாள்.

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்ற குவாக் என்பவரும் வகுப்பில் இருந்தார். தன் திரைக்கதையில் பக்கத்துக்கு ஒரு கப்பலை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தவர். அவருக்கே இது பொறுக்கவில்லை.

"இந்தப் பொம்பளைக்குக் கிறுக்கா? நல்லாத்தானே இருந்தா. எதுக்குப் போறா?"

"அதத்தான் நானும் கேக்கிறேன்" என்றாள் ஒக்ஜு.

"யாருகிட்டக் கேக்குறீங்க?" என்றாள் சோரா. "எழுதுறது நீங்கதானே?"

"நெசமாவே தெரியாது டீச்சர். அவ சொல்லாமத்தான் போனா."

"நெசத்துல தெரியாம இருக்கலாம்க்கா. கதையில தெரியாம இருக்க முடியாது."

ஒக்ஜு காரணம் தேடக் கிளம்பினாள். முதலில் சமையல்காரிக்கு ஒரு கள்ளக்காதலனைச் சேர்த்துவிட்டாள். முந்தின பக்கம்வரை இல்லாத ஆள் எந்தக் கப்பலில் வந்து இறங்கினான் என்று குவாக் கேட்டார். பிறகு எதிர்க்கடைக்காரன் அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டான் என்று எழுதினாள். அப்படியானால் அவள் எதிர்க்கடையில் அல்லவா நின்றுகொண்டிருப்பாள் என்றார்கள். அதற்கும் அடுத்த வாரம் அவளை ஏதோ ஒரு மதக்கூட்டத்தில் சேர்த்துவிட்டுப் பார்த்தாள். படித்து முடித்ததும் குவாக் ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகளைப் பார்க்கத் தொடங்கினார். அது அவர் கேட்ட கேள்விகளைவிட மோசமாக இருந்தது.

அன்று வகுப்பு கலைந்த பிறகு சோரா அவளை நிறுத்தினாள். மூன்று பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்தாள்.

"காரணம் மட்டும் இல்லக்கா பிரச்சினை. நீங்க இவளுக்கு ஒரு நல்ல வசனம்கூடக் கொடுக்கல. பாருங்க. நல்லதெல்லாம் உங்க ஆளுக்கே. அவ வந்தா 'ம்'ங்கிறா, 'சரி'ங்கிறா, கடைசியில 'போறேன்'ங்கிறா. ஒரே ஒரு காட்சியாவது அவ பக்கம் நின்னு எழுதிப் பாருங்க."

வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஒக்ஜு காகிதங்களைப் புரட்டினாள். சோரா சொன்னது உண்மைதான். சரி, பேச வைப்போம் என்று ஜெசுக் என்ன சொல்வாள், எப்படிச் சொல்வாள் என்று நினைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு வைத்த பட்டப்பெயர், கடை திறந்த புதிதில் அண்டாவைத் தூக்கும்போது விடும் வசவு, எல்லாம் அவள் குரலிலேயே காதில் கேட்டன. ஆனால் அவள் போவதற்கு முந்தின ஒரு வருடத்தில் அவள் பேசிய ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு கிளறினாலும் தன் குரல்தான் கேட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் பேருந்து போய்விட்டது.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. ஜெசுக் கிம்ஹேயில் ஒரு பூப்பண்ணையில் வேலை பார்க்கிறாள் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. மூன்று வருடமாகப் போகாத ஊர் ஒன்றும் தூரத்தில் இல்லை. ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். பூ வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் வரிசை வரிசையாய்க் கிடந்த ஒரு சாலையில் காரை நிறுத்தி, இரண்டு இடத்தில் விசாரித்து, மூன்றாவது கூடாரத்துக்குள் நுழைந்தாள். ரப்பர் பூட்ஸும் அகலத் தொப்பியுமாக லில்லிப் பூக்களை வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இளைத்திருந்தாள்.

"வந்துட்டியா" என்றாள் ஜெசுக், ஏதோ பக்கத்து வீட்டிலிருந்து வந்தவளைப் பார்த்தாற்போல. "பாத்து வா, தரையெல்லாம் தண்ணி."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த சூடான வார்த்தைகளில் ஒன்றுகூட ஒக்ஜுவின் வாயில் வரவில்லை. கவிழ்த்துப்போட்ட பெட்டிகளின்மேல் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஜெசுக் பிளாஸ்கிலிருந்து பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். மூடின கூடாரத்துக்குள் அத்தனை லில்லிகளின் வாசனை. ஒக்ஜுவுக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது.

"எல்லாருக்கும் தலைய வலிக்கும்" என்றாள் ஜெசுக். "ஒரு மணி நேரத்துக்கு மேல இதுக்குள்ள என்னத் தவிர யாரும் நிக்க மாட்டாங்க. மொதலாளி என்ன இரும்புப் பொம்பளைங்கிறாரு."

ஒக்ஜு தான் வந்த விஷயத்தைச் சொன்னாள். வகுப்பு, சியோல்கார டீச்சர், ஒத்துவராத காரணங்கள் எல்லாம் சொல்லிவிட்டுக் காகிதங்களை நீட்டினாள். ஜெசுக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு கண்ணாடி மாட்டிப் படித்தாள். பாதியில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஒக்ஜு பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"'உன் நட்பு எனக்கு ஒரு சங்கிலி.' நானாடி இது?"

"நீ ஒண்ணும் சொல்லாமப் போன. நாந்தான் எழுத வேண்டியதாப் போச்சு." ஒக்ஜு தம்ளரைக் கீழே வைத்தாள். "ஏன் போன ஜெசுக்?"

ஜெசுக் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். அவசரப்படாமல், வெட்டிய பூத்தண்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டே சொன்னாள்.

ஊரே முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் இருவருக்குமே காய்ச்சல் வந்தது, மூக்குக்கு வாசனை தெரியாமல் போனது. ஒக்ஜுவுக்கு ஒரு வாரத்தில் வாசனை திரும்பியது. எனக்கும் வந்துவிட்டது என்று ஜெசுக்கும் சொன்னாள். வரவில்லை. இன்று வரும், நாளை வரும் என்றிருந்தாள். பன்றி எலும்புச் சூப்புக்கு மூக்குதான் எல்லாம். கொதிக்கும்போது எந்த நேரத்தில் அந்தக் கவிச்சி தலைகாட்டுகிறது, எப்போது தண்ணீரை மாற்ற வேண்டும், எப்போது இஞ்சி போட வேண்டும் என்பதை மூக்குதான் சொல்லும். அவள் கடிகாரத்தையும் சூப்பின் நிறத்தையும் பார்த்துச் சமைக்கத் தொடங்கினாள். சில நாள் சரியாக வந்தது. சில நாள் வரவில்லை.

"ஒரு லாரி டிரைவர் வந்தான். நெனப்பிருக்கா? சூப்பு நாறுதுன்னான்."

ஒக்ஜுவுக்கு நினைவிருந்தது. வெளியே மேசையில் கையைத் தட்டிச் சண்டை போட்டவள் அவள்தான். ஒன்பது வருடமாக இந்தத் தெருவே இவள் கையை நம்பித்தான் சாப்பிடுகிறது, உன் மூக்கைக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு என்று அவனை விரட்டிவிட்டாள். அவனுக்குப் பிறகு வேறு சிலர் வந்தார்கள். அவர்களையும் விரட்டினாள். சிநேகிதிக்காகப் பரிந்து பேசியதாக அவளுக்கு உள்ளூரப் பெருமை.

"நா உள்ள கரண்டியும் கையுமா நின்னுக்கிட்டிருப்பேன்" என்றாள் ஜெசுக். "அவங்க சொன்னது சரி. நீ சொன்னதுதான் தப்பு. நீ ஒவ்வொரு தடவ எனக்காகக் கத்துனப்பவும், இனிமே இவகிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு ஆயிரும்."

"நா ருசி பாத்திருந்தா..."

"நீ என்னைக்குச் சூப்புக் குடிச்ச? கடை தொறந்து ரெண்டு வருஷத்துலயே உனக்குத் தெகட்டிப்போச்சு. தெனம் எதிர்ல நூடுல்ஸ் திங்க ஓடிருவ."

ஒக்ஜுவுக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப தெரியுமா? வர்றவன் போறவன்கிட்டல்லாம், 'பாவம், இவளுக்கு மூக்கு போச்சு, பேசாமச் சாப்பிடுங்க'ன்னு சொல்லியிருப்ப."

இல்லை என்று சொல்ல ஒக்ஜு வாயைத் திறந்தாள். ஆனால் தான் அதைச் சொல்லும் காட்சி, குரல் உட்பட, அப்படியே கண்முன் வந்தது. பார்லித் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

புறப்படும்போது ஜெசுக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தாள். "இத எழுதாத. இங்க யாருக்கும் தெரியாது. இது என் மூக்கு. எவனோடயாச்சும் ஓடிப்போனேன்னு வெச்சுக்கோ. நல்ல ஆளாப் பாத்துப் போடு."

மூன்று வருடமாகத் தேடிய காரணம் கையில் கிடைத்துவிட்டது, ஆனால் அதைத் தொடக் கூடாது. ஒக்ஜு மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள். எழுதுவதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். கை கேட்கவில்லை. கரண்டியோடு சமையலறையில் நிற்கிறவள், வெளியே கத்துகிறவள், நடுவில் தொங்கும் துணித்திரை எல்லாம் தானாக வந்து விழுந்தன. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. திரும்பப் படித்தபோது, தன் வாழ்நாளில் தான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது, பேரை மாற்றிவிட்டால் போயிற்று என்றும் தோன்றியது.

சனிக்கிழமை அந்தப் பிரதி பையில் இருந்தது. அவள் முறை வந்தபோது கையைப் பைக்குள் விட்டாள். விட்ட கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

"டீச்சர், காரணம் தெரிஞ்சுபோச்சு. ஆனா எழுத முடியாது. எழுதாதன்னு சொல்லிட்டா."

சோரா என்ன காரணம் என்று கேட்கவில்லை. ஒக்ஜுவுக்கு அவளிடம் மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான்.

"சரி, எழுத வேணாம்" என்றாள் சோரா. "உங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். ரெண்டு பேரையும் ஒரே அறையில உக்கார வைங்க. ஒருத்தி சொல்ல நெனைக்கிறா, சொல்லல. அது வெளிய தெரியணும், அவ்வளவுதான். கடையும் வேற கடையா இருக்கட்டும். தொழிலும் வேற தொழிலா இருக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க ஒக்ஜு காரில் யாரிடமும் கதை சொல்லவில்லை. மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று. சூப்புக் கடை திரைச்சீலை தைக்கும் கடையாகியது. மூக்கு கண்ணாகியது. வாசனையைக் கேமராவில் எடுக்க முடியாது. நீல நூலுக்குப் பதில் கறுப்பு நூலை எடுக்கும் கையை எடுக்கலாம். ஒரு பெண் தையல் மிஷினில் குனிந்திருக்கிறாள். இன்னொருத்தி வாசலில் வாடிக்கையாளரோடு சண்டை போடுகிறாள். தைக்கிறவள் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறாள், மடிக்கிறாள், மறுபடி பிரிக்கிறாள். கடைசியில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுகிறாள். மற்றவள் போனில் இன்னொருத்தரோடு கத்திக்கொண்டே, போய்வா என்று கையை மட்டும் ஆட்டுகிறாள். திரும்பிப் பார்க்கவில்லை.

எழுதியதை ஜெசுக்குக்குத்தான் முதலில் அனுப்பினாள். சில நாள் பதிலே இல்லை. ஒக்ஜு போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் ஜெசுக்கே கூப்பிட்டாள். வணக்கம் சொல்லும் பழக்கமெல்லாம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

"நாலாவது பக்கத்துல தைக்கிறவ 'மன்னிச்சுக்கோ'ன்னு சொல்றா பாரு, அத எடுத்துரு. அவ சொல்ல மாட்டா."

"சரி."

"அப்பறம் அந்தக் கஸ்டமர் பொம்பளைய இவ்வளவு பிசாசாக் காட்டாத. அவ துணிக்கு அவ கேக்குறா."

"சரி. மத்தபடி?"

எதிர்முனையில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. "மத்தபடி வெச்சுக்கோ" என்றாள் ஜெசுக்.

கடைசிச் சனிக்கிழமை எல்லாக் கதைகளையும் வாய்விட்டுப் படிக்கும் நாள். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பாத்திரத்துக்கு ஒரு ஆளாக உட்கார்ந்து படிப்பார்கள். சினிமா மாணவர்கள் சிலர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒக்ஜு கூப்பிட்டிருந்த ஜெசுக் கைகொள்ளாத லில்லிக் கட்டோடு வந்து சேர்ந்தாள். சற்று நேரத்தில் எல்லோரும் நெற்றியைத் தேய்க்க, சோரா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

ஒக்ஜுவின் கதை வந்தபோது வாடிக்கையாளர் பாகத்தைக் குவாக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு பெண்களுக்கு யார் படிப்பது என்று சோரா சுற்றிலும் பார்த்தாள். விருந்தாளியாக உட்கார்ந்திருந்த ஜெசுக் கையைத் தூக்கினாள். தையல்காரியைத்தான் கேட்பாள் என்று ஒக்ஜு நினைத்தாள்.

"சண்ட போடுறவ பார்ட்டு எனக்கு" என்றாள் ஜெசுக்.

மிச்சமிருந்தது தையல்காரி. அது ஒக்ஜுவிடம் வந்தது.

ஜெசுக் மேடையேறிப் பழகினவள் இல்லை. ஆனால் ஒன்பது வருடம் துணித்திரைக்குப் பின்னால் நின்று கேட்ட குரல் அது. மேசையில் கையைத் தட்டிக்கொண்டு, பூசான் சந்தையின் முழுக் குரலில், "எங்க வேலையில குத்தம் கண்டுபிடிக்க நீ யாரு, கண்ணாடி போட்டுக்கிட்டு வா" என்று குவாக்கைப் பிடித்து உலுக்கினாள். குவாக் நிஜமாகவே நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று.

ஒக்ஜுவுக்குப் படிக்க அதிகம் இல்லை. 'ம்' என்றாள். சில பக்கம் கழித்து 'சரி' என்றாள். இடையில் வாயைத் திறக்க வழியில்லாமல் அந்தக் குரல் தலைக்கு மேல் போய்க்கொண்டே இருந்தது. தனக்காகத்தான் கத்துகிறாள், தன்மேல் உள்ள பிரியத்தில்தான் கத்துகிறாள் என்பது தெரிந்தது. தெரிந்தும், எழுந்து வெளியே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அவளுக்கு வசனமே கிடையாது. காட்சி விவரத்தைச் சோரா படித்தாள். ஜெசுக் போனில் கத்துகிற வசனத்தைப் படித்தபடியே, காகிதத்தில் எழுதியிருந்ததுபோலக் கையை ஆட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இந்தத் தடவ எதுக்குப் போறான்னு நான் கேக்கல" என்றார் குவாக்.

மாணவர்கள் ஒக்ஜுவின் கதையைத் தேர்ந்தெடுக்கவில்லை. குவாக் எல்லாக் கப்பல்களையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஸ்டார்ட் ஆகாத ஒற்றை இழுவைப் படகோடு மல்லுக்கட்டும் ஒரு கிழவனைப் பற்றிக் கடைசியில் எழுதியிருந்தார். அதைத்தான் எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். ஒக்ஜுவுக்கு முகம் தொங்கிப்போனது. வெளியே வந்ததும் அவர்களுக்கு ரசனை போதாது என்று தொடங்கினாள். ஜெசுக் அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஒக்ஜு நிறுத்திக்கொண்டாள். இருவரும் படகுத்துறைப் பக்கம் போய், நின்றபடியே சூடான மீன் வடை வாங்கிச் சாப்பிட்டார்கள். மறுபடி கடை போடலாமா என்று ஒக்ஜு கேட்டாள். முடியவே முடியாது என்றாள் ஜெசுக். பண்ணை வேலை தனக்குப் பிடித்திருக்கிறது என்றாள். அது பொய்யில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

அதன்பிறகு புதன்கிழமைகளில் ஒக்ஜு கிம்ஹே போய்வருகிறாள். வசந்தத்தில் இரண்டாவது திரைக்கதையைத் தொடங்கினாள். கார் ஓட்டத் தெரிந்தும் ஒவ்வொரு தேர்விலும் வேண்டுமென்றே தோற்கிற ஒருத்தியைப் பற்றியது. முதல் சில காட்சிகளை ஜெசுக்கிடம் காட்டினாள். ஜெசுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"இதுல நான் இருக்கேனா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு எங்கிட்டக் காட்டுற?"

"வசனம் பாக்க" என்றாள் ஒக்ஜு.

ஜெசுக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.